சுணைக்காத இலை

ஓல்டன் நிலையத்துக்குக் கடைசி ரயில்
ஒன்று நாற்பதுக்கு வந்து நிற்கும்.
பெட்டி பெட்டியாகக் கூட்டிக்கொண்டு போகையில்
யாராவது ஒருவர் வாய் திறந்தபடி உறங்கிக் கிடப்பார்.
தோளைத் தொடக்கூடாது என்பது விதி.
இருக்கைக் கம்பியில் இரண்டு தட்டு.
பதறி எழும்பி
இது எந்த இடம் என்று என்னைக் கேட்பார்கள்,
நானே இடம் கேட்டு வந்தவள் என்று அறியாமல்.

ஐந்தரைக்கு வேலை முடியும்.
வீட்டுக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகையின் கிழக்குச் சுவரோரம்
நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம்:
என் பெயரில் எழுதாத என் காணி.

இரண்டு வருடத்துக்கு முன்
சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய விதை.
திருநீறு போல இருந்தது.
மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று
மூக்கைப் பொத்திக்கொண்டு தூவினேன்.
மண் போட்டு மூடாதே, வெளிச்சம் பார்த்துத்தான் முளைக்கும் என்று
உறையில் இருந்ததை
அகராதி வைத்து வாசித்தேன்.
முதல் வருடம் இலை மட்டும்.
பல் வைத்த, மயிர் படர்ந்த, முரட்டு இலை.
பூ என்று ஒன்று வருமா?
யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் மே மாதம்
கட்டடப் பராமரிப்பாளர் புர்கால்ட்டர்
புல் வெட்டும் இயந்திரத்தோடு வந்தார்.
ஒரே இழுப்பு. எல்லாம் தரையோடு போயிற்று.
நான் உறக்கத்தில் இருந்தேன்.
பகலில் உறங்குகிறவளின் தோட்டத்தில்
எதுவும் நடக்கலாம்.
ஏன் என்று பின்னேரம் கேட்டதற்கு
ஒரே சொல்: காஞ்சோன்றி.

வேருக்கு ஜெர்மன் தெரியாதுபோல.
ஜூன் கடைசியில் திரும்பவும் இலை.
இந்த முறை உறங்காமல் இருந்து அவரை மறித்தேன்.
என் ஜெர்மன் வாக்கியங்களில்
வினைச்சொல் எப்போதும் ரயிலைத் தவறவிடும்.
அதனால் கதைக்கவில்லை.
என் வெறுங்கையால் இலையை மேலும் கீழும் தடவினேன்.
உங்கள் கையுறையைக் கழற்றுங்கள் என்று சைகை காட்டினேன்.
அறுபது தாண்டிய ஆள்,
வெந்நீரைச் சோதிப்பதுபோல ஒரு விரல் நுனி வைத்தார்.
எடுத்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு உள்ளங்கை முழுவதும்.
சுணைக்கவில்லை.
"ஆகா" என்றார்.
அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஜூலை
என் இடுப்பளவுக்குத் தண்டு.
நீலமா ஊதாவா என்று
தீர்ப்புச் சொல்ல முடியாத மணிகள்.
விடியப்புறம் வேலை உடுப்போடேயே குந்தி
ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.
எள்ளைப் பிடித்து நீட்டியதுபோல ஒரு கறுப்புத் தேனீ
நடுத்தண்டைக் கட்டிப்பிடித்தபடி உறக்கம்.
அடுத்ததில் இரண்டு.
அதற்கடுத்ததில் ஒரு கால் மட்டும் வெளியே.
எல்லாம் ஆண்கள். கூடு கட்டாதவர்கள்.
பெண்கள் காய்ந்த மரத்துப் பொந்துகளில் தங்கிவிட
இவர்களுக்கு இரவுக்கு ஒரு பூ.
வாடகை இல்லை. பதிவு இல்லை.

விரல் தானாக நீண்டது, பழக்கதோஷம்:
இரண்டு தட்டு.
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
வெயில் ஏறும். அது தன் வேலையைப் பார்க்கும்.

இன்னொன்று.
புர்கால்ட்டர் இப்போது எந்த இலையையும் நம்புவதில்லை.
கொட்டகை மூலையில் முளைத்த
அசல் காஞ்சோன்றியையும் வெட்டாமல்
சுற்றி வளைத்துப் போகிறார்,
அதுவும் என் பக்கத்து ஆள் என்று நினைத்து.
அதில் இப்போது கருகருவென்று மயிர்க்கொட்டிகள்,
இலையை வலையாக்கிக்கொண்டு.
இன்று விடியப்புறம் அரைத்தூக்கத்தில்
அதைப் பூச்செடி என்று ஒதுக்கிவிடக் கை வைத்தேன்.
நெருப்பு.

மணிக்கட்டு வரை தடித்துச் சிவந்த கையை
ஈரப் புல்லில் அழுத்திக்கொண்டு
மற்றக் கையால் உறங்குகிறவர்களை எண்ணினேன்.
பதினொன்று.
பொறு, அங்கே ஒரு கால் தெரிகிறது.
பன்னிரண்டு.